செருப்பு முறை

ஜூலை, முதல் சனிக்கிழமை

இன்றைய பாடம்: உடற்பயிற்சி, காகித மடிப்பு, படக்கதை. மூன்றையும் திட்டமிட்ட வரிசையிலேயே முடித்தேன். கடைசியில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். சேர்த்திருக்கலாமா என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வைகறைப் படிப்பகம் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு நெல் மண்டியின் மாடியில் இருக்கிறது. ஊரில் வசதியுள்ள சிலர் சேர்ந்து நடத்தும் தனியார் நூலகம். செயலாளர் வேதகிரி சார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சனிக்கிழமை மாலைகளில் பெரிய பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பண்பாட்டு வகுப்பு நடத்தட்டுமா என்று நான் கேட்டபோது, "ஜப்பானா? ஒயுக்கத்துக்குப் பேர் போன நாடாச்சே. நடத்தும்மா ஜெயா" என்று சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நான் ஜப்பானுக்குப் போனதில்லை. மொழியை மாலைநேர இணைய வகுப்பில் படித்தேன். பகலில் ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை. அதுவும் பெரும்பாலும் இயந்திரப் பாகங்களின் பெயர்கள்தான். போகாத நாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எவ்வளவு தப்பு கலந்திருக்கிறதோ என்ற பயம் வாராவாரம் வருகிறது.

பிள்ளைகளுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. பதினோராம் வகுப்பு ஜெகன் ஜப்பானிய கார்ட்டூன்களைப் பார்த்தே வளர்ந்தவன். இன்று ஒருவரை மரியாதையாக அழைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினான்.

"அக்கா, அப்டில்லாம் யாரும் கூப்புட மாட்டாங்க. ‘ஓய்’னுதான் கூப்புடுவாங்க."

"அது கார்ட்டூன்ல சண்டை போடறவங்க ஜெகன்."

"சண்ட போட்றவனும் ஜப்பான்காரந்தானே?"

முன்வரிசையிலிருந்து அபிநயா திரும்பினாள். "நீ அங்க வேலைக்குப் போயி மொதலாளிய ‘ஓய்’னு கூப்புடு. போன பிளேன்லயே திருப்பி அனுப்சிடுவான்."

அபிநயா பன்னிரண்டாம் வகுப்பு. ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறாள். அவள் அம்மா அங்கம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வகுப்பில் படம் வரைகிறவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் வரைவதற்குப் பெயர் கிறுக்கல்.

நான்காவதாகச் சேர்த்தது இது. ஜப்பானில் வாசலில் கழற்றிய செருப்பை, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். கிளம்பும்போது அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம். அடுத்தவர் செருப்பு கோணலாகக் கிடந்தால் அதையும் திருப்பி வைப்பார்கள். நாமும் வாசலில்தானே கழற்றுகிறோம், விளக்கமே தேவைப்படாத பழக்கம் இது என்று நினைத்தேன். வாரம் இரண்டு பேர், முறை வைத்து, மாடிப்படி முடியும் இடத்தில் கிடக்கும் எல்லாச் செருப்பையும் யாருடையது என்று பார்க்காமல் அடுக்க வேண்டும். முதல் முறை ஜெகனுக்கும் அபிநயாவுக்கும் வந்தது.

"வேதகிரி சார் செருப்ப நான் தொட மாட்டேன்க்கா. அந்த நாத்தத்துக்கு அது தானாவே திரும்பிக்கும்."

"தொடு நைனா. உன் செருப்பு மட்டும் மல்லிப்பூவா?" என்றாள் அபிநயா.

எல்லோரும் சிரித்தார்கள். கிளம்பும்போது, வரிசையாக வெளியே பார்த்துக்கொண்டிருந்த செருப்புகளை எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்த வரிசை கலையாமல் காலை நுழைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.


ஜூலை, மூன்றாம் சனிக்கிழமை

இன்று பூஜாவின் முறை. அவளோடு சேர வேண்டியவன் வரவில்லை, தனியாகவே செய்தாள். தமிழ்வாணன் சித்தப்பாவின் மகள் அவள். சித்தப்பா என் அப்பாவுக்குப் பங்காளி. ஏரிப் பாசனத்தில் நிறைய நிலம், கூடவே நெல் வியாபாரம். படிப்பகத்துக்குக் கீழே இருக்கும் மண்டியில் பாதி அவருடையது.

பூஜா வீட்டில் எந்த வேலையும் செய்து பழகாத பெண். அதனாலோ என்னவோ இதைப் பூசைபோலச் செய்தாள். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு கையாலும் எடுத்து, தரை ஓடுகளின் இணைப்புக்கோட்டை ஒட்டி வைத்தாள். ஜெகன் போனில் படம் பிடித்துக்கொண்டே கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய விஷயமாக அது தோன்றவே இல்லை.


அடுத்த செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

ஜெகன் அந்த வீடியோவுக்குப் பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். அது சித்தப்பா வரை போய்விட்டது. வேலை முடிந்து வந்த என்னைப் படிப்பகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். வேதகிரி சார் நாற்காலியில் இருந்தார்.

"இன்னா ஜெயா இது?" என்று சித்தப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வகுப்புல ஒரு பழக்கம் சித்தப்பா. எல்லாரும் மாத்தி மாத்திப் பண்றாங்க. நானும் பண்றேன்."

"நீ பண்ணு, உன் தலையெயுத்து. என் பொண்ணு குந்திக்கினு ஊரான் செருப்பத் தொட்றது பழக்கமா? வூட்ல துன்ன தட்டக் கூட அவ எடுத்து வெச்சதில்ல."

"யார் செருப்புன்னு பாக்காம அடுக்கணும், அதான் அந்தப் பழக்கமே."

அவர் வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்தினார். வார் அறுந்து ஊக்கு குத்திய நீல ரப்பர் செருப்பு, பூஜாவின் கைகளில். "இது யார்துன்னு தெரிமா உனுக்கு?"

தெரியும். ‘செருப்பு மேல பேரா எழுதிக் கீது?’ என்று கேட்டிருக்கலாம். இப்போது, பேனா பிடித்த பிறகு, என்னென்னவோ பதில் வருகிறது.

"அங்கம்மா பொண்ணோடது. அங்கம்மா என் கயனில நடவு நட்றவ. நாளிக்கு அவ மூஞ்சில நான் எப்டி முயிக்கிறது? சொல்லு."

ஒரு செருப்பைத் திருப்பி வைத்தால் இவருக்கு அங்கம்மாள் முகத்தில் விழிக்க வெட்கமாம். அந்த அம்மாளை வெயிலில் நிற்க வைத்துக் கூலி பேசும்போது வராத வெட்கம்.

வேதகிரி சார் நடுவில் புகுந்தார். அவர் குரல் எப்போதும் வகுப்பறைக் குரல்தான், யார் மனசும் நோகாது. "தமிழு, நீ கொஞ்சம் இரு. ஜெயா, இதுக்கு ஒரு சுலபமான வழி கீது. அந்த அபிநயா நல்லா அடுக்குது, நானே பாத்தேன். அதுக்கு ஒண்ணும் தோணாது. அதுக்கே பொறுப்பா குடுத்துடலாம். லீடர் மாதிரி. ஒரு பேட்ஜ் கூட செஞ்சி குத்தலாம்."

பேட்ஜ்! செருப்பு அடுக்குவதற்குத் தலைவி. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளி கெட்ட எண்ணம்கூட இல்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிற முகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அது முடியாது சார்."

"அப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

அந்த இடத்தில் நான் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அவங்கவங்க செருப்ப அவங்கவங்களே திருப்பி வைக்கட்டும்" என்றேன். சித்தப்பா போனைச் சட்டைப்பையில் போட்டார். வேதகிரி சார், "பாத்தியா, இதான் சமத்துவம்" என்று மேசையைத் தட்டினார்.

சமத்துவம் என்றால் எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது?


சனிக்கிழமை

புதிய விதியை அறிவித்தேன். காரணமாக, நேரம் மிச்சமாகும் என்றேன். வகுப்பு முடிந்ததும் அபிநயா மட்டும் நின்றாள்.

"என் செருப்பாலயாக்கா?"

"இல்லம்மா. பொதுவா ஒரு…"

"பொதுவான்னா என் செருப்பாலதான்." அவள் சண்டைக்கு வரவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வது மாதிரி சொன்னாள். "அந்த வீடியோவ எங்க தெருவுலயும்தான் பாத்தாங்க. எங்கம்மா இன்னா சொல்ச்சி தெரிமா? ‘அந்தப் பொண்ணு கைல நல்லா கீதுடி உன் செருப்பு, புச்சு மாதிரி’ன்னு சொல்லி சிரிச்சிது. நாங்க சிரிச்சிட்டு உட்டுட்டோம். நீங்கதான் பேஜார் பண்ணிக்கினு கீறீங்க."

இறங்கும்போது பார்த்தேன். எல்லாச் செருப்பும் வெளியே பார்த்துத்தான் இருந்தன, நான் சொன்னபடியே. ஆனால் பூஜாவின் செருப்பு மட்டும் படியின் அந்தக் கோடியில், சுவரை ஒட்டித் தனியாக. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முறை என்று ஒன்று இருந்தவரை யாருடைய செருப்பும் யாருக்கும் தள்ளி இல்லை. அதை நான்தான் எடுத்தேன். வேதகிரி சாரும் சித்தப்பாவும் எடுக்கவில்லை, நான் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். என் மேல் வரும் கோபத்தை அவர்கள் மேல் திருப்பிக்கொள்வது சுலபமாக இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்னும் தெரியவில்லை.


ஆகஸ்ட், இரண்டாம் சனிக்கிழமை

என் கம்பெனியின் ஜப்பானிய மேலாளரின் மனைவி இஷிதா அம்மையார் படிப்பகத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசி ஞாயிறு. வேதகிரி சாருக்குத் தலைகால் புரியவில்லை. மேடைக்கும் சாப்பாட்டுக்கும் சித்தப்பா பொறுப்பு.

முக்கிய நிகழ்ச்சி அபிநயாவின் படக்கதை. ஜப்பானில் பழைய நாளில் தெருத்தெருவாகப் போய்ச் சொன்ன கதை வகை இது. சட்டம் போட்ட சிறிய மரப்பெட்டிக்குள் அட்டைப் படங்களை அடுக்கி, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே கதை சொல்ல வேண்டும். பெட்டியை மண்டியில் கிடந்த பலகையில் ஜெகன் செய்தான். கதையும் படங்களும் அபிநயாவுடையவை. அறுவடை முடிந்த கழனியில் சிந்திய கதிரைச் சேர்த்து வைக்கும் ஒரு வயலெலி. அதன் வளையைத் தோண்டி நெல்லை எடுக்க வரும் ஓர் ஆள். அந்த நெல்லில் பங்கு கேட்டு வரும் நிலத்துக்காரர். மூன்று குரலிலும் அவளே பேசுகிறாள். எலிக்கு வைத்திருக்கும் குரல் அசல் வேதகிரி சார். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒத்திகையில் வாய்விட்டுச் சிரித்துக் கை தட்டினார்.

"அம்மாவ அழச்சிக்கினு வரட்டுமாக்கா? அன்னிக்கி வேலைக்கிப் போவாம இருக்கச் சொல்றேன்" என்றாள் அபிநயா. "ஊர்ல நாலு பேர் முன்னாடி நான் பேசி எங்கம்மா பாத்ததே இல்ல."

கூட்டி வா என்றேன்.


விழாவுக்கு முந்தைய வெள்ளி

வேதகிரி சார் என்னைக் கூப்பிட்டு அபிநயாவின் அட்டைகளைக் கையில் வைத்தார்.

"ஜெயா, ஒரு சின்ன மாத்தம். கதைய பூஜா சொல்லட்டும். இங்கிலீஷ் மீடியம், கணீர்னு பேசும், பாக்கறதுக்கும் லட்சணமா கீது. தமிழுவும் இவ்ளோ செலவு பண்றான் இல்ல? ஆனா பாரு, அட்ட பின்னாடி ஒண்ணுமே எயுதல அந்தப் பொண்ணு. வாயாலயே சொல்லிக்கினு கீது. நீ அத்தன தடவ கேட்டுக்கீற, எயுதிக் குடு. பூஜா பாத்துப் படிச்சிக்கும்."

"கத அபிநயாவோடது சார்."

"அவளோடதுதான். யார் இல்லன்னா? ‘கதை, படம்: அபிநயா’ன்னு பேனர்ல போட்டுக்கீறேன். போய்ப் பாரு."

உண்மைதான். பேனரின் கீழ்க்கோடியில், சாப்பாட்டுக் கான்ட்ராக்டர் பெயருக்கு மேலே.

"அபிநயாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஞாயித்துக்கெயம காலைல சொல்லிக்கலாம். நல்ல புள்ள, புரிஞ்சிக்கும்."

நல்ல பிள்ளை, புரிந்துகொள்ளும். இந்த ஊரில் சில பிள்ளைகளுக்கு மட்டும் புரிந்துகொள்ளும் வேலை பிறக்கும்போதே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பரப்பி வைத்தேன். கதை முழுவதும் எனக்குத் தெரியும். எழுதினால் சீக்கிரம் முடிந்துவிடும். "எயுதிக் குடுத்துட்டு வேலயப் பாப்பியா, பங்காளிகிட்ட போய் மல்லுக்கு நிக்காத" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். எழுதவில்லை. பின்பக்கம் வெறுமையாகவே திருப்பிக் கொடுக்கப்போகிறேன். இது எதிர்ப்பா, இல்லை வாய்விட்டு முடியாது என்று சொல்லத் துணிவில்லாத தந்திரமா? அபிநயாவுக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிட வேண்டும். போனில் அவள் எண்ணைத் தேடி எடுத்தேன். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.


ஞாயிற்றுக்கிழமை

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். படிப்பகத்தின் சாவியை வேதகிரி சார் திருப்பி வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை வகுப்பு இனி இல்லை. அப்பா என்னோடு பேசவில்லை. இனி நடந்தது. நேற்று மேடை வேலை நடந்ததால் வகுப்பு இல்லை; அட்டைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன், அபிநயாவிடம் சொல்லவே இல்லை.

காலையில் கீழே கார் வந்து நின்றது. இஷிதா அம்மையாரை அழைத்துக்கொண்டு படியேறினேன். மாடிப்படி முடியும் இடத்தில் அபிநயா குந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் அட்டைகள் இல்லை. தோளில் குறுக்கே ஒரு சிவப்புத் துணிப்பட்டை. அதில் தங்கக் காகித எழுத்தில் ‘வரவேற்பு’. வந்தவர்களின் செருப்பெல்லாம் வரிசையாக வெளியே பார்த்து இருந்தன.

"வேதகிரி சார் சொன்னாரு" என்றாள் என்னைப் பார்க்காமல். "உங்களுக்கும் தெரியும்னாரு."

இஷிதா அம்மையார் மகிழ்ந்து போனார். ஜப்பானிலிருந்து இவ்வளவு தூரத்தில் இந்தப் பழக்கத்தைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை, எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்றார். தன் காலணியைக் கழற்றித் தானே குனிந்து திருப்பி வைக்கப் போனார். வேதகிரி சார் பதறி, "மேடம், நோ நோ, அபிநயா!" என்றார். அபிநயா எடுத்து வைத்தாள். அதை அந்த அம்மையார் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இன்னா சொல்றாங்க?" என்று சார் என்னைக் கேட்டார்.

"நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர். வேலையைச் செய்தேன்.

முறை இருந்திருந்தால் யார் உட்கார வேண்டும் என்று நான் காட்டியிருக்கலாம். அவரவர் செருப்பு அவரவருக்கு என்று ஆக்கியது நான். விருந்தினர் செருப்பு யாருக்கு என்ற இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தில் யாரை உட்கார வைப்பது என்பது இந்த ஊருக்கு யோசிக்காமலே தெரியும்.

உள்ளே சித்தப்பா முன்வரிசையில். பூஜா பட்டுப் பாவாடையில், மேடையோரம், முகம் வெளிறி. சாரின் வரவேற்புரை ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது. அங்கம்மாள் வந்திருந்தார். இஸ்திரி போட்ட மஞ்சள் புடவை.

"இன்னாடி இங்க குந்திக்கினு கீற? உள்ள கத சொல்றேன்ன?"

அபிநயா ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"இதுக்கா ஒரு நாள் வேலய உட்டுட்டு வந்தேன்? செருப்பு தொடைக்கிறதப் பாக்கறதுக்கா? அத நான் நம்ம வூட்லயே பாத்திருப்பேனே!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வேதகிரி சார் உரையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பூஜாவை மேடைக்கு அழைத்தார்.

பூஜா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் படம் தெரிந்தது, வைக்கோல் நிறத்தில் கழனி, நடுவே மூக்கை நீட்டும் எலி. அவள் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவள் முணுமுணுத்தது கூடம் முழுக்கக் கேட்டது.

"பின்னாடி ஒண்ணுமே இல்ல…"

ஜெகன் பெரிதாகச் சிரித்தான். அவன் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வேதகிரி சார் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, வீட்டுப்பாடம் எழுதாத மாணவியைப் பார்க்கும் பார்வை. பிறகு வாசலுக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும் என்பது தெரியாமல், அந்த இதமான குரலில் சொன்னார்.

"அபிநயா, வாம்மா. நீ அந்தப் பொட்டிக்குப் பின்னாடி குந்திக்கினு கதைய சொல்லு. பூஜா வாயசைக்கும். யாருக்கும் தெரியாது."

"மாட்டேன் சார்."

"நேரமாவுது பாரு, கெஸ்ட் வெய்ட் பண்றாங்க."

"முன்னாடி நின்னா சொல்றேன். பின்னாடில்லாம் குந்த மாட்டேன்."

முன்வரிசையிலிருந்து சித்தப்பா திரும்பினார். "சொல்லிட்டுத்தான் போயேம்மா. இன்னா கொறஞ்சிப் பூடும் உனுக்கு?"

நான் மைக்கை எடுத்தேன். எடுக்கும்போது மனசில் ஜப்பானிய வாக்கியம்தான் இருந்தது. இஷிதா அம்மையாருக்கு மட்டும் புரியும்படி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், சாரும் சித்தப்பாவும் புன்னகைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். நான் படித்த ஜப்பானியத்தில் மன்னிப்புக் கேட்க எத்தனையோ வழி இருக்கிறது. கோபப்பட ஒன்றும் சொல்லித் தரவில்லை. அதைவிடவும், அந்த அம்மையாருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இதைக் கேட்க வேண்டியவர்கள் தமிழில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தக் கதை அபிநயா யோசிச்சது. படம் அவ வரைஞ்சது. அவளை வெளியில செருப்புகிட்ட உட்கார வெச்சுட்டு, கதையை மட்டும் உள்ள கொண்டு வந்திருக்கோம். அவ செருப்பை பூஜா தொட்டான்னு ஒரு வீடியோ வந்துது. அதுக்காகத்தான் இவ்வளவும். அன்னிக்கு சித்தப்பா என்னைக் கேட்டார், அங்கம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு. அங்கம்மா அக்கா அதோ நிக்கிறாங்க. முழிங்க சித்தப்பா, இப்ப முழிங்க."

என் குரல் கிறீச்சிட்டது. அழகாகப் பேசவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது.

சித்தப்பா எழுந்தார். "ஏய் ஜெயா! பங்காளி பொண்ணுன்னு பாக்கறேன்!"

அமைதியாக உட்கார்ந்திருந்த இஷிதா அம்மையார் என் கையைத் தொட்டு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஒரு வாக்கியம்கூட விடாமல் மொழிபெயர்த்தேன். செருப்பு என்ற இடத்தில் அவர் தன் போனைக் கைப்பைக்குள் வைத்தார். மன்னிக்க வேண்டும் என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. அவர்கள் பழக்கம் அது. அதற்குள் யாரோ மைக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

சித்தப்பா பூஜாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் அட்டைகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாளா என்று நான் கவனிக்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. மண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "அசிங்கம் பண்ணிட்டியேம்மா" என்றார் வேதகிரி சார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. நான் பதிலுக்கு ஏதோ கத்த வாயெடுத்தேன்.

"அக்கா."

அபிநயா உள்ளே வந்து நின்றிருந்தாள். சிவப்புப் பட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"பேசி முட்ச்சிட்டியா?"

"அபி, நான் உனக்காகத்தான்…"

"தெரியுது. நீ பேசுன, சார் பேசுனாரு, பூஜா அப்பா பேசுனாரு. எல்லாரும் என்னிய பத்தியே பேசிக்கினு கீறீங்க. கூட்டம் பாதி எயுந்து பூட்ச்சி. நான் எப்பக்கா பேசறது?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் சொன்னது சரி. என் ஆத்திரத்தை நான் தீர்த்துக்கொண்டேன், அவளுடைய மேடையில், அவளுடைய நேரத்தில்.

"தள்ளு" என்றாள்.

தள்ளி நின்றேன். அவள் பட்டையை நாற்காலியில் எறிந்தாள். சித்தப்பா விட்டுப்போன முன்வரிசை நாற்காலியைக் காட்டி, "ம்மா, இங்க வந்து குந்து" என்றாள். அங்கம்மாள் தயங்கினார். கதவோரம் இருந்த ஒருவர் ஏதோ சொன்னார். அதைக் காதில் வாங்காமல் நடந்து வந்து, இஷிதா அம்மையாருக்குப் பக்கத்தில், நாற்காலியின் முழு அகலத்துக்கும் சாய்ந்து உட்கார்ந்தார்.

மைக் இல்லை. எழுந்தவர்களில் சிலர் படியில் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே அபிநயா குரலை உயர்த்தினாள்.

"ஒரு ஊர்ல ஒரு எலி கீது. அது யாரையும் கேக்காம வேல செய்ற எலி. அறுப்பு முட்ச்சி எல்லாரும் வூட்டுக்குப் போனதும் வெளிய வரும். கீய செதறன கதிரு ஒண்ணொண்ணா பொறுக்கி, வாய்ல கவ்விக்கினு போயி, தன் வளைல அடுக்கும்." எலிக் குரலுக்கு மாறினாள். அந்த இதமான, யார் மனசும் நோகாத வகுப்பறைக் குரல். "‘நல்ல புள்ளைங்களா, எல்லாரும் பொறுமையா கேளுங்க. இந்த நெல்லு யார் சேத்தது?’"

ஜெகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கதவோரம் வேதகிரி சார் அப்படியே நின்றுவிட்டார். இந்த முறை அவருக்கு யார் குரல் என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, சும்மா நிக்காத. படத்த இயு."

பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். கோபம் இன்னும் கையில் இருந்தது போல. அட்டை சட்டத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை.

"மெதுவாக்கா" என்றாள் அவள், திரும்பாமல். "கியிச்சிடாத."

மெதுவாக உருவினேன். இரண்டாவது படத்தில், மண்வெட்டியோடு ஓர் ஆள் வரப்பில் வந்துகொண்டிருந்தான்.